பூனையின் தொண்டையில் அப்பிய ரவை

மடியில் படுத்த பூனை ‘குர்ர்’ரென்று ஓயாமல் சத்தம் போடுகிறதே, அது எங்கிருந்து வருகிறது, அதைக் கேட்டால் மூட்டுவலி போகுமாமே என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். ஆங்கிலத்தில் இதற்கு ‘பர்’ என்று தனி வினைச்சொல்லே உண்டு. காதில் விழுந்ததை அப்படியே எழுதிவைத்த ஒலிக்குறிப்பு, 17ஆம் நூற்றாண்டிலிருந்து புழங்குகிறது. பெயர் வைத்தது சுலபம். விளக்கம் சொல்வதுதான் பெரும்பாடாகிவிட்டது.

சிக்கல் இதுதான். அந்தக் குர்ரின் அதிர்வு வினாடிக்கு 25 முதல் 30 வரை. ஆண் குரலின் சுருதிக்கும் சுமார் இரண்டு ஸ்தாயி கீழே. இவ்வளவு கனத்த நாதத்துக்கு நீளமான குரல்நாண் வேண்டும், யானைக்கு இருக்கிறது. நாலு கிலோப் பூனைக்கு ஏது?

1972இல் பூனையின் குரல்வளைத் தசைகளில் மின்முனை செருகிப் பார்த்தார்கள். குர்ருக்கு ஏற்பத் தசைகள் துடிதுடித்தன. மூளைதான் வினாடிக்கு இத்தனை தடவை ‘சுருங்கு, தளர்’ என்று உத்தரவு போடுகிறது என்று முடிவாயிற்று. பாடப்புத்தகங்களும் அதையே ஒப்பித்தன.

2023இல் வியன்னா பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டியன் ஹெர்ப்ஸ்ட் குழு, தீரா நோயால் கருணைக்கொலை செய்யப்பட்ட எட்டுப் பூனைகளின் குரல்வளைகளை எடுத்துப் பொருத்தி, வெதுவெதுப்பான ஈரக்காற்றை ஊதியது. மூளை இல்லை, நரம்பு இல்லை, தசை சுருங்க வழியே இல்லை. ஆனாலும் குர்ரென்றது, அதே 25-30 கணக்கில்!

அறுத்துப் பார்த்தபோது, குரல்நாண்களுக்குள் 4 மில்லிமீட்டர் வரையிலான இணைப்புத்திசுத் திண்டுகள் தெரிந்தன. அந்தப் பாரம்தான் நாதத்தை இறக்குகிறது என்பது அவர்கள் கணிப்பு. கச்சேரிக்கு முன் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புவார்களே, அதே வித்தை. தோல் மாறவில்லை, வார் இழுப்பு மாறவில்லை. நடுவில் எடை ஏறியதும் ‘தொம்’ என்று சுருதி இறங்கிவிடுகிறது. வித்வான் கச்சேரி முடிந்ததும் ரவையைச் சுரண்டி எடுத்துவிடுவார். பூனைக்கு அந்த வேலையும் மிச்சம். ரவை உள்ளேயே ஊறிக் கிடக்கிறது, காயாது, உதிராது. அப்படியானால் அதே தொண்டையிலிருந்து ‘மியாவ்’ என்று, மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலை போல உயர்ந்த நாதம் வருவது எப்படி என்று கேட்காதீர்கள்; உவமை அதற்குமேல் தாங்காது.

இதனால் 1972 பொய்யாகிவிடவில்லை. உயிருள்ள பூனையில் தசைகள் துடித்தது நிஜம். தசை இல்லாமலும் அந்த ஒலி பிறக்க முடியும் என்பதே புதுச் செய்தி. ‘மர்மம் தீர்ந்தது’ என்று தலைப்பு போட்டவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள்.

மூட்டுவலிக்கு வருவோம். 2001இல் செம்மறியாடுகளை வினாடிக்கு 30 தடவை அதிரும் பலகையில் ஓராண்டுக்காலம் தினமும் 20 நிமிடம் நிறுத்தியதில் தொடை எலும்பின் அடர்த்தி கூடியது. அந்த 30ஐயும் பூனையின் 30ஐயும் முடிச்சுப் போட்டதுதான் வாட்ஸ்அப் வைத்தியம். ஆடு நின்றது இயந்திரத்தின் மேல், பூனையின் மேல் அல்ல. மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

குர்ரைச் சந்தோஷத்தின் அடையாளமாக மட்டும் எண்ணவும் வேண்டாம். அடிபட்ட பூனையும் குர்ரென்கிறது. பசித்த பூனை இன்னும் கெட்டிக்காரி. 2009இல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கேரன் மெக்கோம்ப் குழு கண்டது: சாப்பாடு கேட்கும் குர்ருக்குள் அழுகை போன்ற கீச்சு ஒன்று ஒளிந்திருக்கிறது. பூனையே வளர்க்காதவர்கள்கூட அதை ‘அவசரம்’ என்று அடையாளம் சொன்னார்கள். கணினியில் அந்தக் கீச்சை மட்டும் குறைத்துப் போட்டபோது, அவசரமும் குறைந்துபோயிற்று.