ஃப்ளாட் வாங்கியாச்சு… பழைய வீட்டு வரி பாக்கியை யார் கட்டணும்?

ரெட்டியார்பாளையத்துல ஒரு பழைய ஃப்ளாட் வாங்கறீங்கன்னு வச்சுக்கங்க. பேங்க் லோன் கிடைச்சு, பத்திரமும் முடிஞ்சது. வீட்டு வரியை உங்க பேருக்கு மாத்தப் போனா, "ஆறு வருஷ பாக்கி இருக்கே, கட்டிட்டு வாங்க"ன்னு சொல்றாங்க. விற்றவர் இப்போ போனையே எடுக்கல. என்ன பண்ணுவீங்க?

முதல்ல, எந்த ஆபீஸ்?

முகவரியில புதுச்சேரின்னு இருந்தாலும் எல்லா வீடும் புதுச்சேரி நகராட்சிக்குள்ள வராது. முத்தியால்பேட்டை, முதலியார்பேட்டை புதுச்சேரி நகராட்சி. லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம் உழவர்கரை நகராட்சி. வில்லியனூர், அரியாங்குப்பம் ரெண்டும் கொம்யூன் பஞ்சாயத்து. 'கொம்யூன்' பிரெஞ்சு ஆட்சி விட்டுட்டுப் போன சொல். 1880-லேயே இங்க கொம்யூன் நிர்வாகம் வந்துடுச்சு. இன்னைக்கு நகராட்சிகள் 1973-ம் வருஷச் சட்டப்படி நடக்குது.

வரி போடும்போது நீங்க கொடுத்த விலையைப் பார்க்கறதில்ல. கட்டடம் எங்க இருக்கு, எவ்வளவு பரப்பு, குடியிருப்பா கடையா என்பதுதான் முக்கியம். அதனால ரசீதுல தரைத்தளம் மட்டும் இருந்து, மேல ஒரு மாடி நிக்குதுன்னா உஷாராகிடுங்க. மறுமதிப்பீடு செஞ்சா வரி ஏறும்.

மதிப்பீடு தப்புன்னு தோணினா கவுன்சிலர்கிட்ட போகலாமேன்னு நினைக்காதீங்க. 1968-க்குப் பிறகு இங்க உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-ல்தான். அந்தப் பதவிக்காலம் 2011-ல் முடிஞ்ச பிறகு பல வருஷம் தேர்தலே நடக்கல. ஆணையருக்கு எழுத்து மூலமா மனு கொடுத்து, ஒப்புகை வாங்கி வச்சுக்கங்க.

பாக்கி யார் தலையில?

சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882 (பிரிவு 55) தெளிவா சொல்லுது: வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல, விற்பனை தேதி வரைக்குமான வரி விற்றவர் பொறுப்பு, உரிமை கைமாறின பிறகு வர்றது வாங்கினவர் பொறுப்பு. ஆனா கைமாறின பணத்தைத் திரும்ப வாங்க கோர்ட்டுக்கு அலையணும். அதனால பணம் உங்க கையில இருக்கும்போதே இதைச் செய்யுங்க:

1. கடைசி வரி ரசீதோட, பாக்கி இல்லைன்னு உள்ளாட்சி அலுவலகம் தர்ற சான்றையும் கேளுங்க.
2. பத்திர தேதி வரைக்கும் வரி விற்பவர் பொறுப்புன்னு அக்ரிமென்ட்லயே எழுதுங்க.
3. பாக்கி இருந்தா, அந்தத் தொகையைக் கழிச்சுக்கிட்டு மீதியைக் கொடுங்க.
4. வரி ரசீதை மட்டும் நம்பி வாங்காதீங்க. அது உரிமைச் சான்று இல்ல. தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் தனியா பாருங்க.

கட்டின வரியில ஒரு லாபம்

வீட்டை வாடகைக்கு விட்டா, உரிமையாளரா நீங்க அந்த நிதியாண்டுல உண்மையிலேயே கட்டின வீட்டு வரியை வாடகை வருமானத்துல கழிக்கலாம். உதாரணமா, வருஷ வாடகை ₹1,44,000. கட்டின வரி ₹4,000. மீதி ₹1,40,000-ல 30% நிலைக்கழிவு ₹42,000 போக, கணக்குக்கு வர்றது ₹98,000 (லோன் வட்டி தனி). வரியைக் கட்டாம விட்டிருந்தா அது ₹1,00,800 ஆகியிருக்கும். நீங்களே குடியிருக்கற வீட்டுக்கு இந்தக் கழிவு கிடையாது.

இருபது வருஷம் இஎம்ஐ கட்டப் போற வீடு, நண்பர்களே. அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி அரை நாள் லீவு போட்டு அந்த ஆபீஸுக்கு ஒருமுறை போயிட்டு வந்துடுங்க.