வாயிற்பலகையும் திருச்சபையின் சாட்சியும்

கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் ஊழியம் செய்யும் நமக்கு, துப்பாக்கியுடன் உள்ளே வரலாகாது என்று ஒரு கடையின் வாயிலில் எழுதியிருப்பதைக் காணும் வாய்ப்பு அரிது. காலணிக்கும் புகைபிடித்தலுக்கும் தடை கூறும் பலகைகளே நம் கண்ணுக்குப் பழகியவை. வங்கி வாயிலில் நிற்கும் காவலரின் தோளிலன்றி வேறிடத்தில் துப்பாக்கியைக் கண்டிராதவர் நம் சபையாரில் பலர். ஆயினும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உணவகம், கடை, மருத்துவமனை, ஆலயம் ஆகியவற்றின் கதவுகளில் இத்தகைய பலகைகள் இயல்பாகக் காணப்படுகின்றன. அவை எழுப்பும் வினா நமக்கும் உரியதே. ஓரிடத்துக்கு உரியவர் வாய் திறவாதிருந்தால், அவருடைய மௌனத்துக்குப் பொருள் யாது? மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது நம் வழக்கு. ஆயுதத்தைப் பொறுத்தமட்டில் இவ்வழக்கைச் சட்டம் எவ்வாறு கொள்கிறது, திருச்சபை அதனை ஏற்கலாகுமா என்பவற்றை நோக்குவோம்.

1. நம் நாட்டின் நிலை

ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பட்ட 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியரை உரிமம் பெறுமாறு கட்டாயப்படுத்தி, ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. விடுதலைக்குப் பின் வந்த 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இவ்வேற்றுமையை நீக்கியது. ஆனால் உரிமம் வேண்டும் என்னும் நியதியை நீக்கவில்லை. துப்பாக்கி வைத்திருத்தல் நம் நாட்டில் அரசு அளிக்கும் அனுமதியேயன்றிக் குடிமகனின் அடிப்படை உரிமையன்று. அவ்வுரிமமும் நிபந்தனைகளுக்கு உட்பட்டது. 1962-ஆம் ஆண்டின் விதிகளின்கீழ் வழங்கப்பட்ட உரிமங்களிலேயே, தனி அனுமதியின்றித் திருவிழாச் சந்தைக்கோ சமய ஊர்வலத்துக்கோ பொதுமக்கள் கூடும் இடத்துக்கோ ஆயுதத்தைக் கொண்டு செல்லலாகாது என்னும் நிபந்தனை இடம்பெற்றிருந்தது. தேர்தல் அறிவிக்கப்பட்டதும் உரிமம் பெற்றோர் தம் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப் பணிக்கப்படுவதை நம் மாவட்டத்தாரும் அறிவர். எனவே இங்கு இடத்துக்கு உரியவர் மௌனமாயிருந்தாலும், அவருக்காகச் சட்டமே பெரும்பாலும் மறுப்புக் கூறிவிடுகிறது.

ஆயினும் வடமாநிலங்கள் சிலவற்றில் திருமண வீடுகளில் மகிழ்ச்சியைக் காட்டத் துப்பாக்கி சுடும் பழக்கம் நீடித்தது. 2016 டிசம்பரில் பஞ்சாபின் பட்டிண்டா மாவட்டத்து மௌர் மண்டியில், திருமண அரங்கு ஒன்றின் மேடையில் ஆடிக்கொண்டிருந்த பெண் அத்தகைய குண்டுக்குப் பலியானாள். தம் அரங்கில் ஆயுதத்துக்கு இடமில்லை என அரங்க உரிமையாளர்கள் பலகை வைப்பது எத்துணை இன்றியமையாதது என்பதை அது உணர்த்திற்று. 2019-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம், பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி கொண்டாட்டத்தில் சுடுவோருக்கு இரண்டாண்டு வரை சிறை, அல்லது ஓரிலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க வகை செய்தது.

2. அமெரிக்க நாட்டின் நிலை

அமெரிக்காவில் ஆயுதம் தாங்கும் உரிமை அரசியல் சாசனத்தின் இரண்டாம் திருத்தத்தில் இடம்பெற்றுள்ளது. ஆகவே பல மாநிலங்களில் நிலை நேர்மாறானது. பொதுமக்கள் வந்துபோகும் தனியார் இடத்தில், உரியவர் தடை கூறாதவரை, துப்பாக்கி உடையவர் அதனுடன் நுழையலாம். மௌனம் அங்குச் சம்மதமே. தடை கூற விரும்புவோர் சட்டம் வகுத்த முறையிலேயே கூற வேண்டும். டெக்சாஸ் மாநிலத் தண்டனைச் சட்டத்தின் 30.06-ஆம் பிரிவின்படி, பலகையின் வாசகம் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் அமைய வேண்டும். எழுத்துகள் ஓர் அங்குலத்துக்குக் குறையலாகாது. நிறம் தெளிவாகத் தெரிய வேண்டும். ஆலயங்களுக்கும் இதுவே விதி. 2019 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம், தடைக்குரிய இடங்களின் பட்டியலிலிருந்து வழிபாட்டிடங்களை நீக்கி, இதிலிருந்த ஐயத்தையும் அகற்றிற்று.

வணிகர்களுக்கு இது எளிதான முடிவன்று. 2013 செப்டம்பரில் ஸ்டார்பக்ஸ் நிறுவனத் தலைவர் ஹோவர்ட் ஷுல்ட்ஸ், வாடிக்கையாளர் துப்பாக்கி கொண்டு வராதிருக்குமாறு பகிரங்கக் கடிதம் வாயிலாகக் கேட்டுக்கொண்டார். அது வேண்டுகோளேயன்றித் தடையன்று. தடை விதித்தால் ஆயுதம் தாங்கியவரை எதிர்கொண்டு வெளியேற்றும் சுமை கடை ஊழியர்மேல் விழும் என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. பலகையை எழுதுபவர் ஒருவர், அதன் விளைவைத் தாங்குபவர் மற்றொருவர் என்பதை இது நினைவூட்டுகிறது.

3. ஒரு சபை தொடுத்த வழக்கு

2003-இல் மின்னசோட்டா மாநிலம், துப்பாக்கியைத் தடுக்க விரும்பும் எந்த நிறுவனமும் தன் பெயரைக் கூறி, இவ்வளாகத்தில் துப்பாக்கிகளைத் தடை செய்கிறது என்னும் வாசகத்தை ஒவ்வொரு வாயிலிலும் வைக்க வேண்டும் எனச் சட்டம் இயற்றியது. எழுத்தின் வடிவம், ஒன்றரை அங்குல உயரம், பலகையின் பரப்பு ஆகிய யாவும் விதிக்கப்பட்டன. வாகனம் நிறுத்துமிடத்தில் துப்பாக்கியைத் தடுக்கும் உரிமையும் மறுக்கப்பட்டது.

எடைனா நகரின் லுத்தரன் சபை இதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றது. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபையைப் போன்று அதுவும் லுத்தரன் மரபினதே. சமாதானம் பண்ணுகிறவர்களைக் குறித்து ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் அருளியதை முதலில் எழுதி, அதன்பின் இவ்வடைக்கல இடத்தில் துப்பாக்கிக்கு இடமில்லை என அறிவிக்க அச்சபையார் விரும்பினர். ஆலயக் கதவில் எழுதப்படுவது விசுவாச அறிக்கை. அதன் சொற்களை அரசு வகுத்துத் தரலாகாது என்பதே அவர்கள் வாதம். முதற்சட்டம் வேறொரு காரணத்தால் நீதிமன்றத்தில் வீழ்ந்து, 2005-இல் மீண்டும் இயற்றப்பட்டது. சபை மீண்டும் வழக்காடியது. 2008-இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் சபையின் மனச்சாட்சி உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தது.

4. திருமறையும் திருச்சபை மரபும்

பலிபீடக் கல்லின்மேல் கருவி பட்டால் அது தீட்டாகும் என்கிறது யாத்திராகமம் 20:25. அங்குள்ள எபிரெயச் சொல் வாளையும் குறிப்பது. சாலொமோன் கட்டிய ஆலயத்தில் இருப்பாயுத ஓசை கேட்கப்படவில்லை (1 இராஜாக்கள் 6:7). இரத்தம் சிந்திய தாவீதுக்கு ஆலயம் கட்டும் பேறு கிட்டவில்லை (1 நாளாகமம் 22:8). எனினும் திருமறை இப்பொருளில் ஒரே குரலில் பேசுவதாகக் கூறுதல் நேர்மையாகாது. கோலியாத்தின் பட்டயம் நோபில் ஏபோத்தின் பின்னே வைக்கப்பட்டிருந்தது (1 சாமுவேல் 21:9). தாவீதின் ஈட்டிகள் ஆலயத்திலேயே இருந்தன. ஆசாரியனாகிய யோய்தா அவற்றை நூற்றுக்கு அதிபதிகளிடம் கொடுத்தான். ஆனால் அத்தாலியாளை ஆலயத்துக்குள் கொல்லலாகாது என்று கட்டளையிட்டவனும் அவனே (2 இராஜாக்கள் 11:10,15).

பின்னாளில், அடைக்கலம் தேடி ஆலயம் புகுவோர் ஆயுதத்தை விட்டுவிட வேண்டும் என 431-இல் பேரரசன் இரண்டாம் தேயோதோசியஸ் ஆணையிட்டான். பேரரசனாகிய தானும் ஆலயத்தில் நுழைகையில் ஆயுதங்களை வெளியே வைப்பதாக அதில் கூறினான். காப்பாற்ற வேண்டிய அரசும் காப்பாற்றப்பட வேண்டிய ஏதிலியும் ஒரே வாயிலில் ஒரே நிபந்தனைக்கு உட்பட்டனர்.

5. பலகை கொலைஞனைத் தடுக்குமா?

இவ்வினாவைத் தட்டிக்கழிக்க இயலாது. தென்கரோலினா மாநிலத்தில் சபையின் அனுமதியின்றி ஆலயத்துக்குள் துப்பாக்கி கொண்டு செல்லத் தடை இருந்தது. ஆயினும் 2015 ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டன் நகர இம்மானுவேல் ஆலயத்தில், வேதபாடத்துக்கு வரவேற்கப்பட்ட அந்நியன் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றான். மாறாக, 2019 டிசம்பர் 29 அன்று டெக்சாஸின் ஒயிட் செட்டில்மென்ட் ஊரில், இருவரைக் கொன்ற ஒருவனைச் சபையின் பாதுகாப்புத் தொண்டர் சில நொடிகளில் சுட்டு வீழ்த்தினார். ஆயுதம் தாங்கிய தொண்டரை வாயிலில் நிறுத்தும் சபைகளை அறிவிலிகள் என நாம் இகழலாகாது. அவர்கள் அடக்கம் செய்த உடல்களை நாம் அடக்கம் செய்ததில்லை.

ஆனால் பலகையின் பணி கொலைஞனைத் தடுப்பது மட்டுமன்று. கொலையை விலக்கும் கட்டளையும் ஒருகாலத்தில் கற்பலகையில் எழுதப்பட்டதே. அது கொலைகளை ஒழித்துவிடவில்லை. எனினும் கொலை இன்னதென்று உலகுக்கு அறிவித்தது. வாயிற்பலகையும் உள்ளே வருவோருக்கு இங்கு எதை நம்பி வாழ்கிறோம் என்பதை அறிவிக்கிறது.

6. நமக்குரிய பொறுப்பு

நம் சட்டம் நமக்காகப் பேசிவிடுவதால் நாம் மௌனமாயிருக்கலாம் என எண்ணுவது எளிது. ஆனால் தமிழகத் திருச்சபைகள் பலவற்றில் தேர்தல், சொத்து, பதவி ஆகியவை பற்றிய பூசல் முற்றும்போது, ஆலய வளாகத்தில் காவல்துறையினர் நிற்க நேரிடுகிறது. அவர்களை நாம் குறைகூற இயலாது. அமைதி காப்பது அவர்தம் கடமை. பேரரசன் வெளியே வைத்த ஆயுதத்தை நம் பூசலன்றோ உள்ளே அழைத்து வருகிறது? சகோதரனுக்கு அஞ்சிக் காவல் கேட்கும் சபை, தன் கதவில் சமாதான வசனம் எழுதினால், அதைப் படிப்போர் நகைப்பர்.

ஆகவே ஆயர்கள் பூசல் முளைவிடும் நாளிலேயே பேச வேண்டும். தேர்தலுக்கு முன்பே இரு தரப்பாரையும் ஒன்றாக அமர்த்தி, வழக்குக்கும் கைகலப்புக்கும் இடமளியோம் என்னும் உடன்பாட்டைச் சபையார் முன்னிலையில் பெறலாம். திருவிருந்துக்கு முன் ஒப்புரவாகுதல் என்னும் ஒழுங்கை வெறும் வாசிப்பாக விடாது நடைமுறைப்படுத்தலாம். இறையியல் மாணவர் ஆராதனை முறைமையைப் பயில்வதுபோல் பிணக்குத் தீர்க்கும் முறைமையையும் பயிலுதல் நலம். வாயிலில் பலகை வைப்பதும் வைக்காததும் அதன்பின் எழும் வினா. ஆயர் மௌனமாயிருக்கும் சபையில், அம்மௌனத்தை வலியவர் தமக்குச் சம்மதமாகவே கொள்வர்.