கல்லறையைப் பார்த்துவைத்தவர்கள்



ஆண்டவரின் பாடுகளை வாசிக்கும்போது நாம் எளிதில் கடந்துபோய்விடும் செய்தி ஒன்று உண்டு. சிலுவையடியில் இருந்தோருள் பலருக்கும் ஏதோ ஓர் அலுவல் இருந்தது. படைவீரர் ஆடைகளைப் பங்கிட்டனர். தலைவர்கள் ஏளனம் செய்தனர். சீடருட் பலர் ஓடி ஒளிந்தனர். கலிலேயாவிலிருந்து வந்த பெண்களோ, வேறொன்றும் செய்ய இயலாதவர்களாய், தொலைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தனர் (மாற்கு 15:40). மாலையில் ஆண்டவரின் உடல் எங்கே வைக்கப்பட்டது என்பதையும் கவனித்துக்கொண்டனர் (மாற்கு 15:47). வாரத்தின் முதல்நாள் விடியற்காலையில் அவர்கள் நேராக அக்கல்லறைக்கே வர முடிந்தது இதனாலன்றோ! வெள்ளிக்கிழமை நின்று பார்த்தவர்களே ஞாயிறன்று உயிர்ப்பின் சாட்சிகளானார்கள்.

'கையில் அதிகாரம் இல்லாதவன் நின்று பார்ப்பதால் என்ன பயன்?' என்று நாம் கேட்பதுண்டு. இக்கேள்விக்கு மட்டக்களப்பு வாவிக்கரை மக்களின் அண்மைக்கால வரலாறு விடை தருகிறது.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் அவ்வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் மக்கள் அழைப்பர். கதிரவன் எழும் கரையும் படும் கரையும் போர்க்காலத்தில் இரண்டு ஆட்சிகளாகப் பிரிந்தன. நகரம் இராணுவத்தின் கையில் இருந்தது. படுவான்கரையின் பெரும்பகுதி நெடுங்காலம் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. வவுணதீவிலும் மண்முனைத்துறையிலும் கரை கடப்பவர்கள் அடையாள அட்டையைக் கையில் ஏந்தி வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. விறகும் நெல்லும் கொண்டுவருவோர், பிரசவத்துக்குச் செல்லும் தாய்மார், பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் அந்த வரிசைதான் வாசல். நாட்டுப்புறத்திலிருந்து வந்துகொண்டிருந்த சீரேன் ஊராராகிய சீமோனை வழிமறித்துச் சிலுவையைச் சுமத்திய காட்சி (மாற்கு 15:21) அம்மக்களுக்குப் பழங்கதையன்று.

அத்தகைய நாட்களில் ஆசிரியர்களும் குருக்களும் பொதுநிலையினரும் தாமாகவே முன்வந்து ஒன்றுகூடினர். 1980களில் பிரஜைகள் குழுவும், 1990இல் போர் மீண்டும் மூண்ட காலத்தில் சமாதானக் குழுவும் அங்கே இயங்கின. மெதடிஸ்த திருச்சபையைச் சேர்ந்த அதிபர் பிரின்ஸ் காசிநாதர் போன்றோர் கத்தோலிக்கக் குருக்களோடு தோளோடு தோள் நின்றனர். அவர்களிடம் ஆயுதமும் இல்லை, ஆணையும் இல்லை. மகனைக் காணோம் என்று ஒரு தாய் வந்தால், அவனுடைய பெயர், வயது, பிடிக்கப்பட்ட இடம், நாள், நேரம், கண்டவர் யார் என்பவற்றைக் கேட்டு எழுதுவர். பின்பு அத்தாளுடன் முகாம் வாசலுக்குச் சென்று, 'இவர் எங்கே?' என்று வினவுவர். இதுவே அவர்களது பணி.

இப்பணிக்கு விலை இருந்தது. பிரஜைகள் குழுவில் முன்னின்று உழைத்த அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ 1988 ஜூன் 6 அன்று மட்டக்களப்புப் புனித மரியாள் ஆலய வளாகத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். கூடைப்பந்தாட்டப் பயிற்றுநராக மாணவர் நெஞ்சங்களில் இடம்பெற்றிருந்த இயேசு சபைக் குரு அருட்தந்தை இயூஜின் ஹீபர்ட், 1990 ஆகஸ்ட் 15ஆம் நாள், மரியன்னையின் விண்ணேற்புப் பெருவிழாவன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற்போனார். அவருடன் சென்ற இளைஞரும் வீடு திரும்பவில்லை.

ஆயினும் பெயர் எழுதும் பணி நிற்கவில்லை. 1990 செப்டெம்பர் 5 அன்று வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேர் இராணுவத்தினரால் அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்கள் திரும்பவில்லை. எனினும் எண்ணும் பெயரும் குறித்து வைக்கப்பட்டமையால் அச்செய்தியை எவராலும் புதைத்துவிட முடியவில்லை. பிற்காலத்தில் அரசு அமைத்த ஆணைக்குழுவும் அதனை விசாரிக்க நேர்ந்தது. 1991 ஜூன் 12 அன்று படுவான்கரையில் கொக்கட்டிச்சோலையை அடுத்த மகிழடித்தீவில் நிகழ்ந்த படுகொலையில் 67 பேர் இறந்ததை விசாரணை ஆணைக்குழு ஏற்றுக்கொண்டதும், கண்டவர்கள் வாய்திறந்து சொன்னதனாலேயாம்.

1948இல் அமெரிக்காவிலிருந்து வந்து புனித மிக்கேல் கல்லூரியில் கற்பித்த இயேசு சபைக் குரு அருட்தந்தை ஹாரி மில்லர், இத்தகைய முறைப்பாடுகளைக் கோப்புகளாகச் சேர்த்துப் பேணினார். போர் முடிந்த 2009இல் தாயகம் சென்றவர், மனம் பொருந்தாமல் மட்டக்களப்புக்கே திரும்பிவந்து தம் மக்களோடு வாழ்ந்து முடித்தார். பன்னாட்டுச் சமாதானப் படையணி என்னும் அமைப்பின் தொண்டர்களும் 1989 முதல் 1998 வரை இலங்கையில் தங்கி, அச்சுறுத்தலுக்கு உள்ளானோருக்கு வழித்துணையாகச் சென்றனர். வெளியார் ஒருவருடைய கண் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற எண்ணமே ஓங்கிய கையைச் சிலவேளை தாழ்த்தியது.

சாட்சியம் ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதன்று. 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம் சகோதரரை விடுதலைப் புலிகள் கொன்றதும், வீட்டிலிருந்து சிறுபிள்ளைகளைப் போருக்குக் கொண்டுபோனதும் அதே மண்ணில் நிகழ்ந்தவையே. நம்மவர் கண்ணீரை மட்டும் எழுதி, அயலவர் கண்ணீருக்கு ஏட்டை மூடுபவன் சாட்சியல்லன், வழக்காளி மட்டுமே.

போர் ஓய்ந்து ஆண்டுகள் பல கடந்துவிட்டன. 2014இல் மண்முனைத்துறையில் பாலம் திறக்கப்பட்டது. பாதைக்காகக் காத்திருந்த துறையை இன்று வாகனங்கள் நொடியில் கடக்கின்றன. ஆனால் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் இன்னும் மறுகரையை அடையவில்லை. 'அவரை எங்கே வைத்தீர்?' என்று தோட்டக்காரர் என எண்ணி ஆண்டவரிடமே வினவிய மதலேன் மரியாவின் கேள்வியே (யோவான் 20:15) அவர்களுடைய கேள்வியும்.

இத்தகைய தாய் ஒருவர் பங்குக் குருவிடம் வந்து, 'சுவாமி, என் மகனுக்குப் பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும். உயிரோடிருப்பவர்களில் சேர்ப்பதா, இறந்தவர்களில் சேர்ப்பதா?' என்று கேட்டால் என்ன சொல்வது? இறந்தவர் என்று எழுதினால் தாயின் நம்பிக்கையை நம் கையாலேயே அடக்கம் செய்தவர்களாவோம். உயிரோடிருக்கிறார் என்று உறுதி சொல்லவோ நமக்கு அறிவில்லை. 2016ஆம் ஆண்டின் சட்டமொன்று மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெற வழி செய்தது. நாட்டின் சட்டமே தாயை அவசரப்படுத்தாதிருக்க, திருச்சபை அவசரப்படுத்தலாமா? கடவுளுக்கு அனைவரும் உயிருள்ளவர்களே என்று ஆண்டவர் கற்பித்தார் (லூக்கா 20:38). ஆகவே பெயரை மட்டும் சொல்லி ஒப்புக்கொடுப்போம். எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்பதை அவரிடமே விட்டுவிடுவோம்.

அன்பான குடும்பங்களே, உங்கள் உறவிலோ, பங்கிலோ, அயலிலோ இப்படி ஒருவர் இருந்தால், இந்த வாரம் ஒரு மாலைப்பொழுது அந்த வீட்டுக்குச் செல்லுங்கள். 'இன்னும் எத்தனை நாள்தான் அழுவீர்கள்? மறந்துவிடுங்கள்' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அவன் எப்படிப்பட்ட பிள்ளை என்று கேளுங்கள். சொல்வதை உங்கள் பிள்ளைகளும் கேட்கட்டும். பெயரையும் நாளையும் ஓர் ஏட்டில் எழுதிக்கொண்டு, குடும்பச் செபமாலையில் அப்பெயரைச் சொல்லுங்கள். சிலுவையடியில் நின்ற அன்னை (யோவான் 19:25) ஆணியைப் பிடுங்கவில்லை, அகன்று போகவுமில்லை. அவருடைய பிள்ளைகளாகிய நாமும் அகலாதிருப்போம்.

எங்கள் பெயர்களை உம் உள்ளங்கையில் பொறித்துவைத்த ஆண்டவரே, நாங்கள் காண இயலாதவர்களை நீர் கண்டுகொண்டிருக்கிறீர். அவர்களைத் தேடும் கண்களுக்கு விடியலைத் தாரும். ஆமென்.