தளத்துக்கு அடியில் உடைந்த கழிவுநீர்க் குழாய்

நம் நாட்டு நகரங்கள் பலவற்றில் குடிநீர் நாள்தோறும் சில மணி நேரமே வழங்கப்படுகிறது. எஞ்சிய நேரத்தில் குழாயில் அழுத்தம் இராது. அருகிலுள்ள மண்ணில் கழிவுநீர் ஊறியிருப்பின், அப்போது குடிநீர்க் குழாயின் சிறு விரிசல் வழியாகவும் அது உட்புகக்கூடும். மஞ்சட்காமாலையும் டைபாய்டும் பரவும் வழிகளுள் இதுவும் ஒன்று. எனவே, ஒரு வீட்டின் தளத்துக்கு அடியில் குழாய் உடைவது அத்தெருவின் சுகாதாரத்தையும் தொடுகின்ற செய்தியாகும்.

பழைய வீடுகளில் பெரும்பாலும் 4 அங்குல விட்டமுள்ள சுட்டமண் குழாய்களே சிமெண்டுக் காரையால் இணைத்துப் பதிக்கப்பட்டன. இவ்விணைப்பு வளைந்து கொடுக்காது. தளத்தின் கீழ் நிரப்பிய மண் சரிவர இறுகாமல் பின்னர் அமிழும்போது இணைப்பு விண்டுவிடுகிறது. அவ்விடைவெளியில் மரவேரும் நுழைகிறது. காயாத ஈரமும் துர்நாற்றமும் இதன் அறிகுறிகள். தட்டினால் தளம் வெற்றொலி எழுப்புமாயின் நிலைமை முற்றிவிட்டது எனலாம். அடிமண் கழிவுநீரோடு அரித்துச் செல்லப்பட்டிருக்கும்.

தளத்தை உடைக்குமுன் பழுதான இடத்தை அறிதல் இன்றியமையாதது. ஆய்வுத் தொட்டியில் குழாயின் வாயை அடைத்து, மேலிருந்து நீர் நிரப்பிப் பார்க்க வேண்டும். நீர்மட்டம் தாழ்ந்தால் கசிவு உண்டு. பின்னர் தொட்டியிலிருந்து மூங்கிற் பிளாச்சு ஒன்றைச் செலுத்தி, அது தடைப்படும் தொலைவைத் தளத்தின்மேல் அளந்து குறிக்கலாம். இப்போது இதற்கெனச் சிறு கேமராவும் பயன்படுகிறது. இவ்வளவு எளிய சோதனையைச் செய்யாமல் அறை முழுவதையும் பெயர்த்தெடுப்போர் இன்றும் உளர்.

உடைந்த துண்டை நீக்கியபின், நாறிய சேற்று மண்ணை முற்றிலும் அகற்றி மணற்படுகை அமைத்தல் வேண்டும். வாட்டமே இவ்வேலையின் உயிர். 4 அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு ஓரடி இறக்கம் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் கணக்கு. இது குறைந்தால் திடக்கழிவு தங்கிவிடும். புதிய பி.வி.சி. குழாயைப் பழைய சுட்டமண் குழாயுடன் பொருத்தும் இடமே மீண்டும் கசியக்கூடியது. ஆதலால், இயன்றவரை தொட்டி வரை புதுக் குழாயே பதித்தல் நன்று. குழாய் சுவரின் அடித்தளத்தை ஒட்டிச் செல்லுமாயின், அதைக் கைவிட்டு வீட்டுக்கு வெளியே புதிய வழி அமைப்பதே பாதுகாப்பானது. செலவும் பல வேளைகளில் குறையும்.

குழியை மூடுமுன் முன்போலவே நீர் நிரப்பி, மட்டம் இறங்கவில்லை என உறுதி செய்த பின்னரே மணலை அடுக்கடுக்காக இட்டுக் கெட்டித்துக் கான்கிரீட் போட வேண்டும். ஒப்பந்தக்காரர்கள் அவசரத்தில் விட்டுவிடுவது பெரும்பாலும் இச்சோதனையையே.