‘வரை’ என்னும் சிறு சொல்

அரிசி, பால், மின்சாரம், பள்ளிக் கட்டணம் என்று எழுதப்படும் நம் இல்லங்களின் மாதக் கணக்கில் இணைய இணைப்பும் இன்று நிலையான ஓர் இடத்தைப் பெற்றுவிட்டது. பிள்ளைகளின் பாடம் அதன் வழியே வருகிறது. வளைகுடா நாட்டில் உழைக்கும் மகனின் முகத்தைத் தாய் இரவில் காண்பதும் அதன் வழியேதான். ஆயினும், இத்துணை இன்றியமையாத ஒன்றைத் தேர்ந்தெடுக்கையில், விளம்பரத்தில் கண்ட பெரிய எண்ணை மட்டும் நம்பிப் பல குடும்பங்கள் ஆறு மாதத் தொகையை, ஏன், ஓராண்டுத் தொகையையே முன்பணமாகக் கட்டிவிடுகின்றன. பின்னர் மாலை வேளைகளில் படம் உறைந்து நிற்க, பேச்சு பாதியில் அறுபட, மனம் வருந்துகின்றன. ஆகவே, அந்த எண்ணின் உண்மைப் பொருளை நாம் அறிந்துகொள்வது நலம்.

எண் சொல்வது என்ன?

“100 எம்.பி.பி.எஸ். வரை” என்று விளம்பரம் கூறும். இது மருத்துவப் பட்டமன்று. நொடிக்கு இத்தனை மெகாபிட் என்பதன் சுருக்கம். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். நாம் இறக்கிக்கொள்ளும் படங்களும் பாடல்களும் பைட் கணக்கில் அளக்கப்படுவதால், 100 மெகாபிட் வேகத்தில் நொடிக்கு 12.5 மெகாபைட்டே வந்து சேரும்.

எண்ணைவிடக் கவனிக்க வேண்டியது, அதன் பின்னே நிற்கும் ‘வரை’ என்னும் சொல். அது மேல் எல்லையைத்தான் கூறுகிறது. கீழ் எல்லையைப் பற்றி வாய் திறப்பதில்லை. சட்டத்தின் சொற்பொருளும் இங்கு நமக்கு அதிகம் துணை செய்யாது. அகலக்கற்றை என்று பெயர் பெறுவதற்கு, 2004ஆம் ஆண்டின் அரசுக் கொள்கைப்படி 256 கிலோபிட் வேகமே போதுமாயிருந்தது. 2013இல் அது 512 கிலோபிட் ஆயிற்று. 2023இல் 2 மெகாபிட் ஆக உயர்ந்தது.

வேகம் எங்கே குறைகிறது?

முதலாவது, கம்பி. பழைய தொலைபேசிச் செம்புக் கம்பி வழியே வரும் இணைப்பு, தொலைபேசி நிலையத்திற்கு மிக அருகில் 24 மெகாபிட் வரை தரவல்லது. தொலைவு கூடக்கூட அது தேய்ந்து, ஐந்து கிலோமீட்டரில் ஓரிரு மெகாபிட்டாகச் சுருங்கிவிடும். கண்ணாடி இழையில் இக்குறை இல்லை. ஆனால், சில இடங்களில் தெருமுனை வரை கண்ணாடி இழை வந்து, அங்கிருந்து செம்புக் கம்பியே வீட்டினுள் நுழைகிறது. இதைக் கேட்டறிய வேண்டும்.

இரண்டாவது, பங்கீடு. பரவலாக உள்ள கண்ணாடி இழை முறையில், ஓர் இழையில் வரும் 2.5 கிகாபிட் வேகத்தை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. அறுபத்து நான்கு வீட்டாரும் ஒரே நொடியில் முழு வேகத்தைக் கேட்டால், வீட்டுக்கு ஏறத்தாழ 39 மெகாபிட்டே கிடைக்கும். எல்லாரும் ஒரே நொடியில் கேட்பதில்லை என்பதாலேயே இம்முறை ஒழுங்காக நடைபெறுகிறது. எனினும், இரவு எட்டு மணி முதல் பத்து மணி வரை நெரிசல் மிகும். நிறுவனம் தன் பகுதிக்குப் போதிய கொள்ளளவு வைத்துள்ளதா என்பது அப்போதுதான் வெளிப்படும்.

மூன்றாவது, நம் வீடே. ரௌட்டரை இரும்புப் பீரோவின் பின்னால் மறைத்து வைத்துவிட்டு நிறுவனத்தைக் குறை கூறுவது முறையாகாது. வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தொலைவு செல்லும். ஆனால் வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. ஆனால் சுவர்களைக் கடக்கையில் விரைவில் வலுவிழக்கும். எனவே, ரௌட்டர் வீட்டின் நடுவே, சற்று உயரத்தில் இருத்தல் வேண்டும்.

தேவை எவ்வளவு?

தெளிவான திரைப்படம் ஒன்றுக்கு ஏறத்தாழ 5 மெகாபிட் போதும். மிக நுண்ணிய 4கே படத்திற்கு 15 மெகாபிட் வேண்டும். ஒரு பிள்ளை பாடம் கேட்க, மற்றொருவர் படம் பார்க்க, தாய் மகனோடு முகம் பார்த்துப் பேச, மூன்றும் ஒரே வேளையில் நடந்தாலும் 20 மெகாபிட்டில் அடங்கிவிடும். ஆகவே, இரவிலும் குன்றாத 50 மெகாபிட் இணைப்பு, பெயரளவில் 200 என்று சொல்லி மாலையில் சோர்ந்துவிடும் இணைப்பைவிடப் பன்மடங்கு மேலானது.

கேட்க வேண்டியவை

பிரிட்டனில், ஆஃப்காம் என்னும் கண்காணிப்பு அமைப்பின் நெறிமுறையை ஏற்ற நிறுவனங்கள், 2019 மார்ச் முதல் ஒரு நல்ல முறையைப் பின்பற்றுகின்றன. ஒப்பந்தத்திற்கு முன்பே, நெரிசல் நேரத்தில் அவ்வீட்டிற்குக் கிடைக்கக்கூடிய வேகத்தையும், உறுதியளிக்கப்படும் குறைந்த அளவு வேகத்தையும் அவை கூறுகின்றன. வேகம் அதற்கும் கீழே சென்று 30 நாள்களில் சரிசெய்யப்படாவிடில், வாடிக்கையாளர் தண்டத்தொகையின்றி விலகிக்கொள்ளலாம். அதே கேள்வியை நாமும் இங்கே கேட்கலாம்: “இரவு ஒன்பது மணிக்கு எங்கள் தெருவில் எவ்வளவு கிடைக்கும்?” விற்பனையாளரிடம் மட்டுமன்று, அவ்விணைப்பை ஏற்கெனவே பெற்றுள்ள அண்டை வீட்டாரிடமும் கேட்க வேண்டும்.

இறக்கும் வேகத்தோடு ஏற்றும் வேகத்தையும் கேட்போம். நம் முகமும் குரலும் மறுமுனையைச் சேர்வது அதனால்தான். மாத அளவு தீர்ந்தபின் வேகம் எவ்வளவாகக் குறையும், கருவி யாருக்கு உரியது, வைப்புத்தொகை திரும்பி வருமா என்பவற்றையும் கேட்போம். விளம்பரத்தில் வரி நீங்கலாக 599 ரூபாய் என்றிருந்தால், 18 விழுக்காடு வரி சேர்ந்து ஏறத்தாழ 707 ரூபாய் ஆகும் என்பதையும் மறவாதிருப்போம்.

முதலில் ஒரு மாதத்திற்கு மட்டும் பணம் கட்டுவது அறிவுடைமை. கணினியை ரௌட்டருடன் கம்பியால் இணைத்து, காலையிலும் இரவிலும் சில நாள்கள் வேகத்தை அளந்து குறிப்பேட்டில் எழுதி வைப்போம். கம்பியில் நிறைவாகவும் வைஃபையில் குறைவாகவும் இருந்தால், குறை நம் வீட்டினுள் உள்ளது. கம்பியிலும் குறைந்தால் முறையிடலாம். முறையீட்டு எண்ணைக் கேட்டுப் பெற வேண்டும். தீர்வு கிட்டாவிடில், ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012ஆம் ஆண்டு விதிகளின்படி அந்நிறுவனத்திலேயே உள்ள மேல்முறையீட்டு அலுவலரை அணுகலாம்.

துணி எடுக்கும்போது சாயம் போகுமா என்று கேட்டு வாங்கும் நம் இல்லத்தலைவியர், இவ்விணைப்பையும் அவ்வாறே கேட்டு வாங்குவார்களாயின், ‘வரை’ என்னும் சிறு சொல்லால் ஏமாற்றம் அடையார்.