விண்வெளித் தொடரும் கேலிப்போலிச் சித்திரக்கதையும்

ஒரு படைப்பின் வடிவத்தையும் நடையையும் மேற்கொண்டு, அப்படைப்பினையே நகைப்புக்கு உள்ளாக்கும் ஆக்கத்தைக் கேலிப்போலி எனக் குறிப்பிடலாம். இஃது மூலத்தின் நிழலில் வாழும் கீழ்நிலை ஆக்கம் எனக் கருதுவோர் உளர். அக்கருத்து எத்துணைப் பொருத்தமுடையது என்பதனை ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்த சித்திரக்கதை ஒன்றினை எடுத்துக்காட்டாகக் கொண்டு நோக்குவோம்.

ஜீன் றொடன்பெரி உருவாக்கிய 'ஸ்ரார் ட்ரெக்' என்னும் அறிவியற் புனைகதைத் தொடரை என்.பி.சி. தொலைக்காட்சி 1966 செப்ரெம்பர் முதல் 1969 ஜூன் வரை 79 பகுதிகளாக ஒளிபரப்பியது. 'என்ரபிறைஸ்' என்னும் விண்கலத்தின் தலைவன் கேர்க், உணர்ச்சிக்கு இடங்கொடாத கூர்ஞ்செவியன் ஸ்பொக், மருத்துவர் மக்கோய் ஆகிய மூவருமே அதன் மையப் பாத்திரங்கள். தொடர் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்த வேளையிலேயே, 'மேட்' என்னும் நகைச்சுவைச் சஞ்சிகை தனது 115ஆவது இதழில் (டிசெம்பர் 1967) 'ஸ்ரார் பிளெக்' என்ற சித்திரக்கதையை வெளியிட்டது. அதனை எழுதியவர் டிக் டிபாட்டோலோ. வரைந்தவர் மோட் ட்ரக்கர். தலைப்பிலுள்ள 'பிளெக்' அருவருப்பைக் குறிக்கும் ஒலிக்குறிப்பாகும்.

நகை பெயரிலேயே தொடங்கிவிடுகின்றது. கேர்க் இங்கே 'கூக்' ஆகின்றான். ஆங்கில வழக்கில் அச்சொல் கிறுக்கனைக் குறிக்கும். ஸ்பொக் 'ஸ்பூக்' ஆகின்றான். அது பேயைக் குறிக்கும். ஓரிரு ஒலிகள் மாறிய அளவில் வீரம் கிறுக்காகவும், அறிவின் மிடுக்குப் பூச்சாண்டியாகவும் தலைகீழாகின்றன. மூலப்பெயர் வாசகன் செவியில் உடனொலித்தாலன்றி இந்நகை பிறவாது.

ட்ரக்கரின் ஓவியமும் இந்நெறியிலேயே இயங்குகின்றது. நாளிதழ்க் கேலிச்சித்திரத்திற்கு ஒரு முகச்சாயல் போதும். சித்திரக்கதையிலோ ஒரே நடிகரின் முகம் பல கட்டங்களில், பல கோணங்களில், பல்வேறு மெய்ப்பாடுகளுடன் இனங்காணத்தக்கதாய் அமைதல் வேண்டும். சாயல் பிசகின் நகையும் பிசகும். ஆகவே மிகைப்படுத்தலுக்கு அடிப்படையாக அமைவது நுணுகிய அவதானிப்பே என்பது தெளிவாகும்.

மூலத்தின் மரபுகளை வெளிப்படுத்துதலே கேலிப்போலியின் தலையாய பணி எனலாம். தொலைக்காட்சித் தொடர் குறித்த காலத்தில், குறித்த செலவில் தயாரிக்கப்பட வேண்டிய பண்டமாகும். விண்கலத்தை ஒவ்வொரு கோளிலும் தரையிறக்கிக் காட்டுவதற்குச் செலவு மிகும் என்பதனாலேயே, ஆட்களை நொடிப்பொழுதிற் கோளுக்கு அனுப்பும் கருவி புனையப்பட்டது. 1968இல் ஒளிபரப்பான பகுதிகளில் ஒரு கோள் உரோமப் பேரரசையும், மற்றொன்று 1920களின் சிக்காகோ நகரையும் ஒத்திருந்தன. கலையகத்தில் முன்னரே இருந்த உடைகளும் காட்சியமைப்புகளும் அவற்றிற்குப் பயன்படக் கூடியனவாயின. இத்தகையவற்றைப் பார்வையாளன் கதையின் இயல்பென ஏற்றுப் பழகிவிடுகின்றான். கேலிப்போலி அப்பழக்கத்தைக் குலைத்து, 'இஃது ஏன் இவ்வாறு?' என வினவச் செய்கின்றது. இது திறனாய்வாளனின் வினாவேயன்றிப் பிறிதன்று.

இவ்வினாவை எழுப்பும் உரிமை போராடிப் பெறப்பட்டதாகும். புகழ்பெற்ற பாடல்களின் மெட்டுக்குப் பொருந்துமாறு 'மேட்' சஞ்சிகை 1961இல் வெளியிட்ட கேலிப்பாடல்களுக்கு எதிராக, ஏர்விங் பேர்லின் முதலானோர் சார்பிற் பதிப்புரிமை வழக்குத் தொடரப்பட்டது. 1964இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சஞ்சிகைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு மாறி அமைந்திருப்பின், எள்ளுதற்கு எள்ளப்படுவோரிடமே அனுமதி பெறும் நிலை தோன்றியிருக்கும். மூலத்தை நினைவூட்டாது அதனை எள்ளுதல் இயலாது என்பதனை நாம் மேலே கண்டோம்.

எள்ளல் மூலத்தை அழிக்கும் என அஞ்சுதற்கும் இடமில்லை. 1969இல் நிறுத்தப்பட்ட 'ஸ்ரார் ட்ரெக்', மறு ஒளிபரப்புகளினால் முன்னிலும் பெருந்தொகையான இரசிகர்களைப் பெற்றது. 1976 ஒக்ரோபரில் 'மேட்' மீண்டும் அதனை எடுத்து, பிறாங்க் ஜேக்கப்ஸ் எழுத ட்ரக்கர் வரைய, இசைநாடக வடிவிற் கேலிசெய்தது. தொடர் நின்று ஏழாண்டுகளின் பின்னரும் அதன் பாத்திரங்களை வாசகர் அறிந்திருந்தமையே இதனைச் சாத்தியமாக்கிற்று.

நகை பிறக்கும் களன்களுள் ஒன்றாக எள்ளலைத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. அவ்வெள்ளல் வெறும் இகழ்ச்சியாக நின்றுவிடாது, தான் எள்ளும் பொருளின் அமைப்பையும் அதன் பின்னுள்ள உற்பத்தி நிலைமைகளையும் புலப்படுத்தும்போது திறனாய்வின் தகுதியைப் பெறுகின்றது. இவ்வகையிற் கேலிப்போலிச் சித்திரக்கதைகளும் இலக்கிய மாணவர் கருத்தூன்றிப் பயிலத்தக்கனவே என்பது எமது துணிபாகும்.