சோளக்கதிரில் பாதிப் பூக்கள் ஏன் மணியாவதில்லை?

பல்லடம், காங்கேயம் பக்கம் மானாவாரிக் காட்டில் விளைந்த சோளக்கதிர் ஒன்றை உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு மணிக்கும் அருகே, சிறு காம்பின் நுனியில் ஒரு பதர் ஒட்டியிருக்கும். பூச்சியோ, பொய்த்த மழையோ காரணமல்ல. செடியே போட்ட உத்தரவு அது!

சோளப் பூக்கள் சோடியாகப் பிறக்கின்றன. காம்பில்லாதது மணி பிடிக்கும். காம்புள்ளது பெரும்பாலும் பிடிக்காது. இத்தனைக்கும் தொடக்கத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் வளர்கின்றன.

பிறகு என்ன ஆகிறது? சோமனூர் விசைத்தறிக் கூடத்தில் அடுத்தடுத்து இரண்டு தறிகள் ஓடுவதாக வையுங்கள். மேஸ்திரி வந்து ஒன்றின் சுவிட்சை மட்டும் அணைக்கிறார். இங்கே மேஸ்திரி எம்எஸ்டி1 என்ற மரபணு. சுவிட்ச், ஜாஸ்மோனிக் அமிலம் என்ற ஹார்மோன். மல்லிகை வகை எண்ணெயில் மணக்கும் ஒரு பொருளுக்கு இது நெருங்கிய சொந்தம். புழு கடித்தால் செடிக்குள் அபாயச் செய்தி பரப்புவதும் இதுவே.

2018-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதை உறுதி செய்தார்கள். அந்த மரபணு பழுதான செடிகளில் ஹார்மோன் குறைந்தது. காம்புள்ள பூவும் மணி பிடித்தது. ஹார்மோனை வெளியிலிருந்து கொடுத்தார்கள். பழையபடி பதர்! இதைவிட நல்ல சாட்சி ஏது?

அதற்காக மகசூல் இரட்டிப்பு என்று துள்ள வேண்டாம். அந்தக் கதிர்களில் மணி சிறுத்துவிடுகிறது. தவிர, கொங்கு விவசாயிகள் பலருக்குக் கதிரைவிட மாட்டுக்கான தட்டே முக்கியம். கோவை வேளாண் பல்கலைக்கழகம் தந்த கோ 29, பலமுறை அறுக்கும் தீவனச் சோளம்தான்.